குட்டிக்கு ஊசி

சாத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் கலைச்செல்விக்கு, அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் நலம். உன் நலத்தையும், மாப்பிள்ளை, பேத்தி நலத்தையும் அறிய ஆவல்.

போனில் சொல்லக்கூடியதை அப்பா ஏன் காகிதத்தில் எழுதுகிறார் என்று நினைப்பாய். நீ எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறாய், பக்கத்தில் மாப்பிள்ளை இருப்பார். அவர் மனம் நோகும்படி நான் ஏதாவது சொல்லிவிடக் கூடாது. பங்குனிப் பொங்கலன்று சாப்பாட்டு இலையின் முன்னால் நடந்ததே போதும். அதற்குப் பிறகு நீ அம்மாவிடம் மட்டும்தான் பேசுகிறாய்.

சென்ற வாரம் அவளிடம், குட்டிக்கு இன்னும் ஊசி போடவில்லை, அவருக்கு அதில் நம்பிக்கை இல்லை என்று சொன்னாயாம். அபார்ட்மெண்ட் கார் நிறுத்துமிடத்திலிருந்து தூக்கிவந்த நாய்க்குட்டியைத்தான் சொல்லியிருப்பாய் என்று எடுத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். நம் வீட்டில் வேறு யாரையெல்லாம் குட்டி என்று கூப்பிடுகிறோம் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் எழுதுவது நாய்க்குட்டியைப் பற்றி.

மழையில் நனைந்து கிடந்ததைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தாய் என்று கேட்டபோது, இது அப்படியே என் அம்மாவின் குணம் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் தூக்கிவந்து பால் ஊற்றுவதோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கிறாயே, அதுவும் நம் குடும்பத்துக் குணம்தான். நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் என்ற நோயை நீ கேள்விப்பட்டிருப்பாய். அது நாய்க்கு நாய் மூச்சிலும் தும்மலிலும் சளியிலும் பரவுகிறது. வெளியே அந்தக் கிருமிக்கு ஆயுள் குறைவு, வெயிலும் சோப்புத் தண்ணீரும் அதைக் கொன்றுவிடும். உடம்புக்குள் புகுந்துவிட்டாலோ, அதைக் கொல்ல இன்றுவரை மருந்து கிடையாது. குளுக்கோஸ் ஏற்றலாம், வலிப்புக்கு மாத்திரை கொடுக்கலாம், பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம், அவ்வளவுதான். பிழைத்த நாயும் பல வாரங்கள் மற்ற நாய்களுக்கு நோயைக் கொடுத்துக்கொண்டிருக்கும். 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தனவே, அதற்குப் பின்னால் இருந்தவற்றில் இந்த வைரஸும் ஒன்று. பிறகு அமெரிக்காவிலிருந்து தடுப்பு மருந்தை வரவழைத்துச் சிங்கத்துக்கு ஊசி போட்டார்கள்.

தெருக்குட்டி, நாட்டு ரத்தம், தானே தாங்கிக்கொள்ளும் என்று மாப்பிள்ளை சொல்லக்கூடும். அவர் படித்தவர், அவரைக் குறை சொல்ல நான் யார்? அதே வார்த்தையை ஒரு காலத்தில் நானும் சொன்னேன் என்பதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

ஒரு ஊசியோடு நிறுத்திவிடாதே. பிறந்தவுடன் குடிக்கும் சீம்பாலில் தாயின் எதிர்ப்புச் சக்தி குட்டிக்கு வந்து சேர்கிறது. அது வலுவாக இருக்கும் வரை நாம் போடும் மருந்தையும் அதுவே அடித்துப்போட்டுவிடும். எந்தக் குட்டிக்கு எந்த வாரத்தில் அது வடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவேதான் ஆறு அல்லது எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை, பதினாறு வாரம் ஆகும்வரை போடச் சொல்கிறார்கள். அன்றிருந்த கால்நடை மருத்துவர் இதைக் கரிசல்காட்டுக்காரனுக்குப் புரியும்படி சொன்னார்: சேறு காயும் முன் விதைத்தால் விதை அழுகிவிடும், நன்றாகக் காயட்டும் என்று காத்திருந்தால் களை முந்திக்கொள்ளும், எனவே இரண்டு மூன்று முறை விதைப்பதைத் தவிர வழியில்லை. உன் குட்டியின் தாய் எது என்றே தெரியாது, பல்லைப் பார்த்து மருத்துவர்தான் வயதைச் சொல்ல வேண்டும். மருந்துக் கடையில் வாங்கி, கைப்பையில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றாதே, அது 2 முதல் 8 டிகிரிக் குளிரிலேயே இருக்க வேண்டும். கடைசி ஊசி போட்டு இரண்டு வாரம் ஆகும்வரை தெருவில் இறக்கிவிடாதே. வெறிநாய்க்கடி ஊசி வேறு, இது வேறு. அதைப் போட்டால் இதைப் போட்டதாகாது. இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே.

கிணற்றில் இந்த வருடம் தண்ணீர் பரவாயில்லை. உன் தம்பிக்கு அந்தத் திருத்தங்கல் வரன் முடியும்போல் இருக்கிறது, அதை அம்மா எழுதுவாள்.

செவலையை உனக்கு நினைவிருக்கும். 2003-இல் நீ ஆறாம் வகுப்புப் படித்தபோது சிப்பிப்பாறையிலிருந்து வாங்கிவந்தேன். எட்டாவது வாரத்தில் முதல் ஊசியைப் போட்டு, அடுத்த தேதியை அட்டையில் குறித்துக் கொடுத்தார்கள். அந்தத் தேதி புரட்டாசி விதைப்பில் வந்து விழுந்தது. நாட்டு நாய்தானே, தாங்கும் என்றேன். ஊருக்குள் முகாம் வைத்து வெறிநாய்க்கடி ஊசி போட்டார்களே, ஊசி என்றால் ஊசிதானே என்றும் சொன்னேன். தீபாவளி கழிந்து கண்ணில் பீளை கட்டியது, மூக்கில் சளி ஒழுகியது, கஞ்சியை முகர்ந்துவிட்டு நகர்ந்துகொண்டது. பத்து நாளில் தேறியதுபோல் எழுந்து உன் பின்னால் ஓடியபோது, பார்த்தாயா, நாட்டு ரத்தம் என்று அம்மாவிடம் பெருமையடித்தவன் நான். அதற்கு இரண்டு வாரம் கழித்து, வாயில் ஒன்றுமில்லாமலேயே எதையோ மெல்வதுபோல் தாடை ஆடத் தொடங்கியது. பின்னங்கால் ஒன்று தூக்கத்திலும் நிற்காமல் துடித்துக்கொண்டிருந்தது. பாதம் தடித்துக் காய்ந்த தோலைப்போல் ஆகிவிட்டது. நீ பள்ளிக்கூடம் போயிருந்த ஒரு பகலில் மூன்று முறை வலிப்பு வந்தது.

அதைப் பாம்பு கடிக்கவில்லை, கலை. மருத்துவமனைக்குத் தூக்கிப் போனேன். மருத்துவர் அட்டையைக் கேட்டார், முதல் கட்டத்தைத் தவிர மற்றவை வெறுமையாக இருந்தன. அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. வேதனை முடியட்டும் என்று செவலைக்குக் கடைசியாக ஓர் ஊசி போட்டார். முதல் ஊசிக்குப் பிறகு நான் தள்ளிப்போடாமல் தூக்கிப்போனது அந்த ஒரு ஊசிக்கு மட்டும்தான். சாயங்காலம் பையோடு வந்து நின்ற உன்னிடம், வைக்கோல் படப்படியில் பாம்பு கடித்துவிட்டது என்றேன். நீ அழுது, அந்தப் படப்பையே பிரிக்கச் சொன்னாய். நான் ஆள் வைத்து, கூலி கொடுத்து, நல்ல வைக்கோலைப் பிரித்துப் போட்டேன். அதன் பிறகு எத்தனையோ வருடம் டார்ச் இல்லாமல் நீ கொல்லைப்பக்கம் போகவில்லை. அப்போதெல்லாம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

அந்த மருத்துவர் அன்று இன்னொன்றும் சொன்னார். டிஸ்டெம்பரும், நம் தாத்தா காலத்து மாடுகளை வாரிக்கொண்டு போன வெக்கை நோயும், பிள்ளைகளுக்கு வரும் மணல்வாரி அம்மையும் ஒரே வம்சத்து வைரஸ்களாம். ஒரு காலத்தில் மணல்வாரிக்கான ஊசியையே நாய்க்குட்டிகளுக்கும் போட்டு இந்நோயைத் தடுத்திருக்கிறார்கள். வெக்கை நோய் ஊசியாலேயே உலகத்தை விட்டுப் போய்விட்டது, 2011-இல் அதை அறிவித்தார்கள். மணல்வாரி போகவில்லை. பெரியகருப்பன் சித்தப்பா பெயரை எடுத்தால் பாட்டி ஏன் அடுக்களைக்குள் எழுந்து போவாள் என்பது உனக்குத் தெரியும். அதை நான் இங்கு எழுதப் போவதில்லை. நான் எழுதுவது நாய்க்குட்டியைப் பற்றி.

மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுவதும் காட்டாததும் உன் விருப்பம். அவருக்கு நேரமில்லை என்றால் சொல், நான் ரயிலேறி வந்து மருத்துவரிடம் காத்திருந்து போட்டுக்கொண்டு வருகிறேன். ஊசி போட்டதும் அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பு, எல்லாக் கட்டமும் தெரியும்படி எடு. பேத்தி பிறந்தபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டையை அம்மா அந்த மஞ்சள் பையில்தான் வைத்துக் கொடுத்தாள். தேடும்போது அதுவும் கையில் கிடைத்தால், அதையும் சேர்த்தே அனுப்பு.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: செவலை விஷயம் அம்மாவுக்கும் தெரியாது.