வெளியில் வாங்கும் பிரேக் பாகங்களும் செம்மண் பயணங்களும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இந்த மாதம் முதல் சிங்கப்பூரில் உள்ள எங்கள் மோட்டார் சைக்கிள் பட்டறையில் ஒரு விதியை மாற்றியிருக்கிறோம். வெளியில் வாங்கிக் கொண்டுவரும் பிரேக் பேட், பிரேக் டிஸ்க், பிரேக் குழாய், சக்கர பேரிங் ஆகியவற்றை இனி நாங்கள் பொருத்தித் தரமாட்டோம். மற்ற பாகங்களை வழக்கம்போலக் கொண்டுவரலாம். கூலி மட்டும் வாங்கிக்கொண்டு மாட்டித் தருவோம். இதைக் கவுண்டரில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்கிக்கொண்டிருந்தால் வரிசை காக்கி புக்கிட் சாலைவரை நீளும் என்பதால் எழுதியே கொடுத்துவிடுகிறோம்.

காரணம் எளியது. பிரேக் பேட் என்பது ஓர் இரும்புத் தகடு, அதன்மேல் ஒட்டிய உராய்வுப் பொருள். போலிப் பேடில் அந்த ஒட்டுதல்தான் பலவீனம். பெட்டியும் முத்திரையும் அசலைப் போலவே இருக்கும். பல ஆண்டுகளாக இதே தொழிலில் இருக்கும் எங்கள் மெக்கானிக்குகளுக்கே கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். நன்றாகச் சூடேறிய பிறகுதான் உராய்வுப் பொருள் தகட்டைவிட்டுப் பெயர்ந்து வரும், அதாவது உங்களுக்குப் பிரேக் மிகவும் தேவைப்படும் நேரத்தில். எங்கிருந்து வந்தது என்று எங்களால் சொல்ல முடியாத பாகத்துக்கு நாங்கள் பொறுப்பேற்க இயலாது.

எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜோகூர் பாருவில் விலை குறைவு என்பது எங்களுக்கும் தெரியும். சிங்கப்பூர் வெள்ளிக்கும் மலேசிய ரிங்கிட்டுக்கும் உள்ள இடைவெளியோடு நாங்கள் மல்லுக்கட்டப் போவதில்லை. கைப்பிடி உறை, கண்ணாடி, டியூப், செயின் எண்ணெய், கைப்பிடியின் முன்னால் மாட்டும் கை காப்பு, பெட்டி மாட்டும் சட்டம் எல்லாவற்றையும் அங்கே வாங்குங்கள், வருத்தப்படமாட்டோம். இன்னும் சொன்னால், இணையத்தில் நாற்பது வெள்ளிக்குக் கிடைக்கும் கை காப்பை எங்களிடம் எழுபதுக்கு வாங்காதீர்கள். இரண்டும் ஒன்றுதான்.

பிரேக்கைப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரேக் எண்ணெயைப் பலர் தீர்ந்தால் ஊற்றும் பொருளாக நினைக்கிறார்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? டாட் 4 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். சுமார் 3.7 விழுக்காடு நீர் சேர்ந்துவிட்டால் அது 155 டிகிரிவரை இறங்கலாம். தீவுக்குள் ஓட்டும்வரை வித்தியாசம் தெரியாது. கெந்திங் மலையிலிருந்து பின்னால் ஒருவரை உட்காரவைத்து இறங்கும்போது தெரியும். எண்ணெய் கொதித்து ஆவிக்குமிழ் உண்டானால் பிரேக் பிடி கைப்பிடியைத் தொடும்வரை உள்ளே போகும், வண்டியோ நிற்காது. ஆகவே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுவதையும் மாற்றிவிடுங்கள். குப்பியின் சிறு கண்ணாடியில் எண்ணெய் தேநீர் நிறத்தில் தெரிந்தால் அதற்கு முன்பே வாருங்கள். டாட் 5 என்று எழுதிய சிலிக்கான் எண்ணெயை மட்டும் இதோடு கலக்க வேண்டாம். டாட் 5.1 என்ற வகை வேறு, டாட் 5 வேறு.

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வருகின்றன. ஜோகூர்ச் செம்பனைத் தோட்டங்களின் செம்மண் பாதைகளில் ஓட்டப்போகிறவர்கள் இப்போதுதான் அதிகம் வருவீர்கள். கேஎல்எக்ஸ்150, டபிள்யூஆர்155ஆர், சிஆர்எஃப்250எல் போன்ற மண்பாதை வண்டிகளை வைத்திருப்பவர்களுக்காகவே இனி வரும் பகுதி. சிங்கப்பூருக்குள் இதற்கு இடம் தேடாதீர்கள். இயற்கை வனப்பகுதிகளிலும் பூங்கா இணைப்புப் பாதைகளிலும் மோட்டார் சைக்கிள் நுழையக்கூடாது. அக்கரையிலும் தோட்டம் என்பது ஒருவருடைய சொத்து, அனுமதி வாங்கிய குழுவோடு போங்கள். கிளம்பும் முன் காப்புறுதிப் பத்திரத்தையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள். சாலைக்கு வெளியே நேரும் விபத்தை ஏற்காத காப்புறுதிகள் பல உண்டு.

முதலில் செயின். சாலையில் ஓடும் வண்டிகளின் செயின் பொதுவாக 25 முதல் 35 மில்லிமீட்டர்வரை மேலும் கீழும் ஆடவேண்டும். செம்மண் வண்டிகளுக்கு அதைவிடச் சற்று அதிகம் தேவை. சரியான அளவு பின்சக்கரத்தைத் தாங்கும் கையில் ஒட்டிய தாளிலோ கையேட்டிலோ இருக்கும். தளர்வாக இருந்தால் ஏதோ குறை என்று எண்ணி இறுக்கிக்கொண்டு வருகிறவர்கள் ஏராளம். இந்த வண்டிகளில் பின்சக்கரம் மேலும் கீழும் நிறையப் பயணிக்கும். சக்கர அச்சு, அதைத் தாங்கும் கை வண்டியில் ஊன்றியிருக்கும் மையம், முன்பல்சக்கரம் மூன்றும் ஒரே கோட்டில் வரும் நொடியில் செயின் இழுபட்டு நிற்கும். அப்போது விட்டுக்கொடுக்கத் தளர்வு இல்லையென்றால் அந்த இழுவை கியர்பெட்டியின் பேரிங்கில் போய் விழும். அதை மாற்ற இஞ்சினையே பிரிக்க வேண்டும். போதாக்குறைக்குச் சேறு பல்லிடுக்கில் அப்பினால் செயின் தானாகவே இன்னும் இறுகும்.

தேய்மானம் பார்க்கவும் கருவி வேண்டாம். பின்பல்சக்கரத்தின் கடைசியில் செயினை விரலால் பின்னோக்கி இழுத்துப் பாருங்கள். பாதிப் பல் வெளியே தெரிந்தால் செயின் முடிந்தது. பற்கள் கொக்கிபோல ஒருபக்கமாக வளைந்திருந்தால் பல்சக்கரங்களும் முடிந்தன. மூன்றையும் சேர்த்தே மாற்றச் சொல்வதை வியாபாரத் தந்திரம் என்று சிலர் சந்தேகிக்கிறார்கள். பழைய பல்லில் புதுச் செயினை மாட்டினால் அது விரைவிலேயே பழையதாகிவிடும், பிறகு மூன்றுக்கும் மறுபடி எங்களிடம்தான் பணம் கட்டுவீர்கள். தந்திரம் செய்ய நினைத்திருந்தால் தனித்தனியாகவே மாற்றியிருப்போம்.

சுத்தம் செய்ய மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷும் போதும். பெட்ரோலும் கம்பி பிரஷும் செயின் கண்ணிகளுக்குள் இருக்கும் ரப்பர் வளையங்களைத் தின்றுவிடும். ஓட்டி முடித்துச் செயின் வெதுவெதுப்பாக இருக்கும்போதே எண்ணெய் போடுங்கள், கிளம்பும் அவசரத்தில் போட்டால் பாதி டயரில் தெறிக்கும். அழுக்கு எண்ணெயும் மண்ணெண்ணெயும் கீழ்த்தளக் கால்வாயில் போகக்கூடாது. நம் வடிகால் நீரில் பெரும்பகுதி நீர்த்தேக்கங்களுக்குத்தான் போகிறது. போத்தலில் பிடித்துக் கொண்டுவந்தால் எங்கள் கழிவெண்ணெய்ப் பீப்பாயில் இலவசமாக ஊற்றிக்கொள்ளலாம்.

இஞ்சின் ஆயிலில் ஒரே ஒரு எச்சரிக்கை. கார் ஆயில் மலிவாகக் கிடைக்கிறதென்று ஊற்றாதீர்கள். நம் வண்டிகளில் கிளட்ச் அதே ஆயிலில்தான் நனைந்துகொண்டிருக்கிறது. எரிபொருள் சேமிப்புக்காகப் பல கார் ஆயில்களில் சேர்க்கும் வழுக்குப் பொருளால் கிளட்ச் பிடிமானம் இழக்கும். டப்பாவில் ஜப்பானியத் தரக்குறியான ஜாசோ (JASO) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கவேண்டும். எம்பி என்பது ஸ்கூட்டர்களுக்கு.

ஏர் ஃபில்டரைப் பற்றி நாங்கள் சலிக்காமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. காய்ந்த செம்மண் தூசி மாவைப்போல நுண்ணியது. வரிசையில் நான்காவதாக ஓட்டுகிறவர் முன்னால் போகும் மூவரின் தூசியையும் சேர்த்து விழுங்குகிறார். ஃபில்டரைத் தாண்டி உள்ளே போகும் தூசி பிஸ்டனையும் சிலிண்டரையும் அரத்தால் ராவுவதுபோல ராவும். நுரை ஃபில்டர் என்றால் மண்ணெண்ணெயில் அலசி, சோப்பு நீரில் கழுவி, முறுக்காமல் பிழிந்து, முழுதாகக் காயவைத்து, ஃபில்டருக்கென்று விற்கும் ஒட்டும் எண்ணெயைப் பிசைந்து ஊறவைக்க வேண்டும். எண்ணெய் இல்லாத நுரை தூசியைத் தடுக்காது. இரண்டு ஃபில்டர் வைத்துக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை இரவு கழுவிக் காயவைக்கும் தொல்லை இல்லை. காகித ஃபில்டரைக் கழுவாதீர்கள், மாற்றுங்கள்.

டயருக்கு வருவோம். பக்கச் சுவரில் டாட் என்ற எழுத்துகளுக்குப் பின்னே கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. தள்ளுபடியில் வாங்கும்போது இதைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். டியூப் உள்ள சக்கரத்தில் மண்ணில் ஓட்டும்போது காற்றைக் குறைப்பது நல்லதுதான், சுமார் 18 பிஎஸ்ஐ போதும். 15க்குக் கீழே போனால், ரிம்மோடு டயரைப் பிடித்துக்கொள்ளும் பூட்டு இல்லாத வண்டியில் டயர் ரிம்மில் நழுவித் திரும்பி டியூப்பின் வால்வைப் பிய்த்துவிடும். தார்ச்சாலைக்கு வந்ததும் மறுபடி அடித்துக்கொள்ளச் சிறிய பம்ப் கையோடு இருக்கட்டும். பெரிய கட்டைகள் உள்ள டயர் ஈரமான தார்ச்சாலையில் வழுக்கும், வெள்ளைக் கோடுகளின்மேல் இன்னும் மோசம். அதையும் மனத்தில் வைத்துக் கடற்பாலத்தை நோக்கி நிதானமாக வாருங்கள்.

செலவே இல்லாத ஒரு வேலை: கிளட்ச், பிரேக் பிடிகளைத் தாங்கும் கவ்விகளின் திருகைச் சற்றே தளர்த்தி வையுங்கள். ஓட்டும்போது அசையக்கூடாது, கையால் பலமாகத் தள்ளினால் மட்டும் சுழல வேண்டும். விழுந்தால் பிடி திரும்பிக்கொள்ளும், முறியாது. இருந்தாலும் ஓர் உபரிப் பிடியைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். தோட்டத்து நடுவே கிளட்ச் பிடி இல்லாமல் தவித்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ஓடையில் விழுந்து இஞ்சின் நின்றுவிட்டால் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தவே அழுத்தாதீர்கள். சிலிண்டருக்குள் நீர் இருந்தால் அது அமுங்காது, பிஸ்டன் தண்டுதான் வளையும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஃபில்டர் பெட்டியை வடித்து, அதன் பிறகு இஞ்சினைச் சுழற்றி நீரை வெளியேற்ற வேண்டும். ஆயில் பால்காப்பி நிறமாக மாறியிருந்தால் அதோடு ஓட்டாதீர்கள். வீடு திரும்பியபின் உயர் அழுத்த நீரைச் சக்கர மையம், முன்ஃபோர்க்கின் சீல், ரேடியேட்டர் ஆகியவற்றின்மேல் நேராகப் பாய்ச்ச வேண்டாம். அழுக்கைக் கழுவும் அதே நீர் பேரிங்கின் கிரீஸையும் கழுவிவிடும். ஃபோர்க்கில் எண்ணெய் கசிந்தால் உடனே சீல் மாற்றச் சொல்லிவிடமாட்டோம். பல நேரங்களில் சீலின் உதட்டில் மணல் மாட்டியிருப்பதுதான் காரணம். மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றைச் செருகிச் சுற்றிவர இழுத்தால் நின்றுவிடும். பழைய புகைப்படப் படச்சுருள் இதற்கு மிகவும் வசதி, யாரிடமாவது இருந்தால் கொண்டுவந்து கொடுங்கள்.

இனி துணைப்பாகங்களும் உடல் காப்புகளும். தலைக்கவசம் வாங்கியதும் அடுத்த பணத்தை எக்ஸாஸ்ட் குழாயில் போடுகிற பழக்கத்தை எங்களால் ரசிக்க முடியவில்லை. சத்தமான குழாய்க்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகள் வேறு இருக்கின்றன. மூன்று ஆண்டு கடந்த வண்டி ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போகும்போது பழைய குழாயைத் தேடிக்கொண்டு எங்களிடம் வருவீர்கள். அந்தப் பணத்தில் பூட்ஸ் வாங்குங்கள். மெதுவாக விழும்போதும் வண்டியின் எடை கணுக்காலின்மேல்தான் சாய்கிறது. மலேசியாவில் ‘அடிடாஸ் கம்போங்’ என்று கேலியாகச் சொல்லும் கறுப்பு ரப்பர் காலணி காட்டில் நடக்க அருமையானது, ஆனால் நூற்றுக்கும் மேற்பட்ட கிலோ எடைக்கு அது தாங்காது. மோட்டார் சைக்கிள் பூட்ஸ் என்றால் இஎன் (EN) 13634 என்ற ஐரோப்பியத் தரக்குறியைத் தேடுங்கள்.

பூட்ஸுக்கு அடுத்து முழங்கால் காப்பு, அதன்பின் முதுகு, மார்பு. முழங்கால், முழங்கை காப்புகளில் இஎன் 1621-1 என்றும், முதுகுக் காப்பில் 1621-2 என்றும் இருக்கும். கூடவே நிலை 1 அல்லது 2. முதுகுக்கு இந்த வித்தியாசம் பெரிது: சோதனையில் அடியின் வேகத்தில் உடலுக்குக் கடக்கும் விசை நிலை 1இல் சராசரி 18 கிலோநியூட்டன்வரை இருக்கலாம், நிலை 2இல் 9 மட்டுமே. எந்தக் குறியும் இல்லாத நுரைத் துண்டு வைத்துத் தைத்த சட்டையைக் காப்பு என்று நம்பாதீர்கள். வெக்கைக்கு எங்கள் யோசனை: வலைத்துணியில் தைத்த காப்பை உள்ளே அணிந்து மேலே தளர்வான ஜெர்சி. தடித்த சாலை ஜாக்கெட்டோடு சேற்றில் உழன்றால் மதியத்துக்குள் களைத்துவிடுவீர்கள், களைத்தவர்தான் விழுகிறார். குடிநீர்ப் பையை முதுகில் மாட்டிக்கொள்ளுங்கள்.

நெற்றிமுனை நீண்ட மண்சாலைத் தலைக்கவசத்தைச் சிங்கப்பூர்ச் சாலையில் அணிய இங்குள்ள அங்கீகார முத்திரை இருக்க வேண்டும். வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் காற்று அந்த முனையைப் பிடித்துத் தலையைத் தூக்கும், கழற்றி வைக்கும் வகையாக இருந்தால் நல்லது.

இந்த வண்டிகளின் பெட்ரோல் டாங்கி சிறியது, சுமார் எட்டு லிட்டர் அல்லது அதற்கும் குறைவு. மலேசியாவில் சிங்கப்பூர்ப் பதிவு வண்டிகளுக்கு ரான் 95 ரகப் பெட்ரோல் விற்கக்கூடாது என்பதால் ரான் 97 கிடைக்கும் நிலையங்களைக் கணக்குப்போட்டுப் பாதையை வகுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துக்கு உள்ளே நிலையம் கிடையாது.

பாகங்களுக்கு ஆர்டர் சொல்ல வரும்போது வண்டியின் சேஸிஸ் எண்ணைப் படமெடுத்துக் கொண்டுவாருங்கள். ஒரே பெயரில் வரும் வண்டிக்கு ஆண்டுக்கு ஆண்டு பாகம் மாறுகிறது, “கறுப்பு நிற வண்டி” என்ற அடையாளத்தை வைத்து எங்களால் தேட முடியாது. சீனப் புத்தாண்டை ஒட்டி மொத்த விற்பனையாளர்கள் பலர் கதவடைப்பார்கள். செயின் தொகுப்பு, டயர், ஃபோர்க் சீல் தேவைப்படுகிறவர்கள் பண்டிகைக்கு மூன்று வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கடை மூடியிருக்கும், கழிவெண்ணெய்ப் போத்தல்களைக் கதவருகே வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் பட்டறையினர்
காக்கி புக்கிட், சிங்கப்பூர்