ருமாட்டிக் இதய நோய் உள்ளவர்களுக்கான 21 நாள் பென்சிலின் ஊசி ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே கிடைக்க வேண்டி கோரிக்கை மனு

அனுப்புநர்:
சத்துணவு அமைப்பாளர்,
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி.
(பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

பெறுநர்:
உயர்திரு அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறை,
தலைமைச் செயலகம், சென்னை - 600 009.

பொருள்: பென்சதைன் பென்சிலின் ஊசியை எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இருப்பு வைத்து, அங்கேயே போடுவதற்கு ஆணை வழங்கக் கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். நான் 14 ஆண்டுகளாகச் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்க்கிறேன். என் மகளுக்கு வயது 17. பிளஸ் டூ படிக்கிறாள். அவளுக்கு ருமாட்டிக் இதய நோய் இருக்கிறது. 21 நாளுக்கு ஒருமுறை 12 லட்சம் யூனிட் பென்சதைன் பென்சிலின் ஊசி போட்டாக வேண்டும். எங்கள் தெருமுனையிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில்தான் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. அங்கே இந்த ஊசி இல்லை. எப்போதாவது இருந்தாலும் போட மாட்டார்கள். இரண்டு பஸ் மாறி 46 கிலோமீட்டர் போய், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் போட்டுக்கொண்டு வருகிறோம். ஆறு வருடமாக இப்படித்தான். இந்த நிலை மாற வேண்டும் என்று கேட்டுத்தான் இம்மனுவை எழுதுகிறேன்.

2019ஆம் ஆண்டு, அவள் ஆறாம் வகுப்பு படிக்கும்போது, தொண்டை வலிக்கிறது என்றாள். உப்புத் தண்ணீர் கொப்பளிக்கச் சொன்னேன். இரண்டு நாளில் சரியாகிவிட்டது, நானும் மறந்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து ஒருநாள் காலையில் வலது முழங்கால் வீங்கிச் சுட்டது. இரண்டு நாளில் அந்த வீக்கம் வடிந்து இடது கணுக்காலுக்குப் போனது. பிறகு மணிக்கட்டு. "வளர்ற புள்ளைக்குக் கால் கொடையத்தான் செய்யும்" என்றார் என் மாமியார். விளக்கெண்ணெய் காய்ச்சித் தடவினோம். மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். ஒரே நாளில் வலி பறந்துவிட்டது. அந்த மாத்திரைதான் நோயை மறைத்தது என்பது எனக்கு அப்போது தெரியாது. தை மாதம் பள்ளி மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கி நடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ராத்திரியில் இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்தால்தான் தூங்க முடிந்தது. எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது இதயத்தின் மைட்ரல் வால்வில் கசிவு இருந்தது.

பெரிய மருத்துவமனையில் எங்களைப் பார்த்த டாக்டர் ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டே விளக்கினார். தொண்டையில் வந்தது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி. அதை அடிக்க உடம்பு எதிர்ப்புப் பொருள் தயாரிக்கிறது. கிருமியின் மேலுறையில் இருக்கும் புரதமும் நம் இதயத்தில், மூட்டுகளில் இருக்கும் புரதமும் சாயலில் ஒன்றுபோல இருப்பதால், கிருமி போன பிறகும் உடம்பு ஆளை மாற்றிப் பிடித்துத் தன்னையே அடிக்கிறது. இதற்குப் பெயர் ருமாட்டிக் காய்ச்சல். மூட்டில் பட்ட அடி ஆறிவிடும், வால்வில் பட்ட அடி தழும்பாக நின்றுவிடும், அதுதான் ருமாட்டிக் இதய நோய். 5 வயது முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளைத்தான் இது அதிகம் பிடிக்கிறது. சின்ன வீட்டில் ஒரே பாயில் நெருக்கிப் படுக்கிற பிள்ளைகளுக்குத் தொண்டைக் கிருமி ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சீக்கிரம் தொற்றும் என்றார். எங்களுடையது ஒற்றை அறை வீடு. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒருமுறை வந்தவர்களுக்குத் தொண்டைப் புண் மறுபடி வந்தால், அந்தக் காய்ச்சலும் மறுபடி வரலாம், வால்வு மேலும் கெடலாம். கெட்ட வால்வைப் பழையபடி ஆக்க மருந்து கிடையாது. மேலும் கெடாமல் தடுக்கத்தான் முடியும். அதற்கு ஊசி மருந்து எந்நேரமும் ரத்தத்தில் இருந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு ஊசி மூன்று முதல் நான்கு வாரம்தான் தாங்கும். வால்வு பாதித்தவர்கள் குறைந்தது 40 வயது வரை போட வேண்டும், சிலருக்கு அதற்கு மேலும் தேவைப்படும். வருடத்துக்கு 17 ஊசி. என் மகளுக்கு இன்னும் 23 வருடம் பாக்கி. கணக்குப் போட்டால் ஏறக்குறைய 400 ஊசி வருகிறது.

ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு நாள் பள்ளி போகிறது. காலை ஐந்தரை பஸ்ஸைப் பிடித்தால்தான் ஓ.பி. வரிசையில் முன்னால் நிற்க முடியும். முன்கையில் சோதனை ஊசி போட்டு உட்கார வைப்பார்கள். பிறகு குப்பியில் இருக்கும் வெள்ளைப் பொடியில் தண்ணீர் விட்டுக் குலுக்குவார்கள். கெட்டியான பால் மாதிரி வரும். கலக்கியவுடன் ஏற்றிவிட வேண்டும், கொஞ்சம் தாமதித்தாலும் ஊசி முனை அடைத்துக்கொள்ளும், இன்னொரு முறை குத்த வேண்டியிருக்கும். பருத்த ஊசி. மருந்து உள்ளே இறங்கும் வரை என் மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். முதல் வருடம் அழுதாள். இப்போது அழுவதில்லை, வாய்க்குள் எண்களை எண்ணுகிறாள். திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தாலும் ஒரு பக்கமாகச் சாய்ந்தே உட்காருவாள். மறுநாளும் நொண்டி நடப்பாள். ஊசி வலியைக் குறைக்கச் சொல்லி நான் எழுதவில்லை. அந்த வலியோடு 46 கிலோமீட்டர் பஸ்ஸில் குலுங்கி வரும் நிலையை மாற்றத்தான் கேட்கிறேன்.

2020 மார்ச் மாதம் ஊரடங்கு வந்து பஸ் நின்றது. எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓ.பி. சீட்டை எடுத்துக்கொண்டு நடந்தேன். "இது நம்மகிட்ட இண்டெண்ட்லயே வரலக்கா" என்றார் மருந்தாளுநர். தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு குப்பி வாங்கிக்கொண்டு மறுபடி போனேன். "ரியாக்‌ஷன் ஆச்சுன்னா என் வேலை போயிடும்க்கா, டாக்டர் எழுதிக் கொடுத்தா போடறேன்" என்றார் நர்ஸ். டாக்டர் அன்று கொரோனா பணிக்குப் போயிருந்தார். மூன்று ஊசி தவறியது. மே மாதக் கடைசியில் மறுபடி முழங்கால் வீங்கியது. லேசான கசிவு என்று எழுதியிருந்த எக்கோ தாளில் அடுத்த முறை மிதமான கசிவு என்று எழுதினார்கள். அந்த இரண்டு தாள்களின் நகல்களையும் இணைத்திருக்கிறேன்.

அந்த நர்ஸ் மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை, இதைத் தாங்கள் தவறாமல் கவனத்தில் கொள்ள வேண்டும். பென்சிலின் என்றாலே பயம் என்பது நம் நாட்டில் பல காலமாக இருக்கிறது. பல தனியார் டாக்டர்கள் தொடுவதே இல்லை. அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது, அளவுதான் தவறு. பல நாடுகளில் 1,790 நோயாளிகளுக்குப் போட்ட 32,430 ஊசிகளைக் கணக்கெடுத்து 1991இல் ஓர் ஆய்வு வெளியானது. அதில் உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை வந்தது 4 முறை, இறந்தவர் ஒருவர். ஒரு உயிர் போனதையும் மறைக்காமல்தான் எழுதுகிறேன், அதுவும் ஒரு தாய் பெற்ற உயிர்தான். ஆனால் ஊசி போடாமல் விட்டால் வரும் இழப்பு இதைவிடப் பல மடங்கு. 2021இல் உகாண்டாவில், எக்கோவில் மட்டும் தெரிகிற ஆரம்ப நிலை பாதிப்புள்ள 818 பிள்ளைகளைச் சேர்த்து நடத்திய ஆய்வு வெளிவந்தது. இரண்டு வருடத்தில், மாதாமாதம் ஊசி போட்டவர்களில் 0.8 சதவீதம் பேருக்கு நோய் முற்றியது. போடாதவர்களில் 8.2 சதவீதம் பேருக்கு முற்றியது.

ஆகவே ஊசி போடும் இடத்தில், கடுமையான ஒவ்வாமைக்குப் போடும் அட்ரினலின் மருந்து தயாராக இருக்க வேண்டும். ஒவ்வாமை வந்தால் எந்த அறிகுறியைப் பார்த்து, எவ்வளவு மருந்தை, தொடையில் எப்படிப் போடுவது என்று நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசி போடும் நாளில் இந்த ஏற்பாட்டோடுதான் குழந்தைகளுக்கு ஊசி போடுகிறார்கள். அதே அறை, அதே நர்ஸ், அதே பெட்டி. விதிப்படி போட்ட ஊசியில் ஒவ்வாமை வந்தால் அந்த நர்ஸ் தனியாகப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று எழுத்தில் ஓர் ஆணை போனால், பாதிப் பயம் அன்றே போய்விடும் என்று நம்புகிறேன். வால்வு மிகவும் கடுமையாகப் பழுதாகி மூச்சுத் திணறலோடு இருப்பவர்களுக்கு மட்டும் ஊசியா, பென்சிலின் மாத்திரையா என்பதை இதய டாக்டர் முடிவு செய்யட்டும்.

மருந்து இருப்பு பற்றியும் சொல்ல வேண்டும். இது தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்து. விலை மிகக் குறைவு, குறைவு என்பதாலேயே தயாரிக்க ஆர்வம் காட்டுபவர்களும் குறைவு. மூலப்பொருளைச் செய்யும் நிறுவனங்கள் உலகம் முழுவதிலுமே விரல் விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் ஒன்று நின்றால் எல்லா இடத்திலும் தட்டுப்பாடு வருகிறது. 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலம் முழுவதற்கும் மருந்து வாங்கிக் கொடுக்கிறது. அந்த அமைப்பு இந்த ஒரு ஊசிக்குத் தனியாக ஆறு மாத இருப்பை முன்கூட்டியே வாங்கி மாவட்டக் கிடங்குகளில் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வால்வு மாற்று அறுவை சிகிச்சைக்கு அரசே பணம் தருகிறது, அதற்காக நாங்கள் நன்றியோடு இருக்கிறோம். உலோக வால்வு வைத்த பிறகு ரத்தம் உறையாமல் இருக்க வாழ்நாள் முழுக்க மாத்திரை, அடிக்கடி ரத்தப் பரிசோதனை என்று அது தொடர்கிறது. அந்த அறுவை சிகிச்சை மேசைக்கு என் மகள் போகாமல் இருக்கத்தான் இந்த ஊசியே.

சென்ற வருடம் எங்கள் பள்ளியில் நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் சாப்பாட்டு வரிசையில் தட்டை இரண்டு முறை கீழே போட்டான். மூன்றாம் நாள் முட்டை தட்டிலிருந்து உருண்டது. கையும் தோளும் அவன் சொல் கேட்காமல் வெட்டி வெட்டி இழுத்தன. எழுத்து கிறுக்கலாகிவிட்டது என்று வகுப்பில் ஏற்கெனவே திட்டு வாங்கியிருந்தான். வீட்டில் மந்திரித்துக் கயிறு கட்டியிருந்தார்கள். என் மகளுக்காக ஆறு வருடம் மருத்துவமனைப் பெஞ்சில் உட்கார்ந்திருக்காவிட்டால் எனக்கும் தெரிந்திருக்காது. அதுவும் இதே ருமாட்டிக் காய்ச்சலின் ஒரு முகம்தான், மூளையைத் தொட்டால் கை கால் இப்படி இழுக்கும். நானே அவன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். இப்போது அவனும் எங்களோடு அதே பஸ்ஸில் வருகிறான்.

பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் மத்திய அரசுத் திட்டமான ராஷ்டிரிய பால ஸ்வாஸ்திய கார்யக்ரம் 2013இல் தொடங்கியபோதே, பிள்ளைகளிடம் கண்டுபிடிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் ருமாட்டிக் இதய நோயையும் சேர்த்திருக்கிறார்கள். பள்ளிக்கு வருடம் ஒருமுறை நடமாடும் மருத்துவக் குழு வருகிறது. எடை, உயரம், கண், பல் எல்லாம் பார்க்கிறார்கள். "தொண்டை வலி வந்து சில வாரம் கழித்து மூட்டு வீங்கியதா, வீக்கம் இடம் மாறியதா, கை இழுக்கிறதா" என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்கச் சொன்னால் போதும். சந்தேகம் உள்ள பிள்ளைகளை எக்கோவுக்கு அனுப்பலாம். அந்தக் கேள்விகளை ஆசிரியர்களுக்கும் என் போன்ற சத்துணவுப் பணியாளர்களுக்கும் சொல்லிக் கொடுங்கள். பிள்ளைகள் தட்டை எப்படிப் பிடிக்கிறார்கள், எப்படி நடந்து வருகிறார்கள் என்று தினமும் பார்ப்பவர்கள் நாங்கள்தான்.

ஊசி தவறியவர்களைத் தேடிப் பிடிக்க இன்று யாரும் இல்லை. காசநோய்க்கு மாத்திரை தவறினால் வீட்டுக்கே ஆள் வருகிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து என் மாமியாருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வாசலுக்கு வருகின்றன. அதே தன்னார்வலர் கையில் உள்ள பட்டியலில் என் மகள் பெயரும், அவளுடைய அடுத்த ஊசி தேதியும் இருந்தால் போதும். ஊசியை வீட்டில் போடச் சொல்லவில்லை. "நாளைக்கு ஊசி, வந்துடுங்க" என்று ஒரு சொல் சொன்னால் போதும். வட்டார அளவில் ஒரு பதிவேடும், எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டினாலும் ஊசி போடத்தக்க ஓர் அட்டையும் வேண்டும். பிள்ளை பெரியவளாகி வெளியூருக்குப் படிக்கவோ வேலைக்கோ போனாலும் அந்த அட்டை கூடவே போகும். கல்யாணமாகிக் கருவுற்ற பிறகுதான் வால்வு சுருங்கியிருப்பது தெரிகிற பெண்களும் இருக்கிறார்கள். கர்ப்பத்தில் இதயம் கூடுதலாக வேலை செய்ய வேண்டியிருப்பதால் அவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிப் பதிவின்போதே இதைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

2018 மே மாதம் உலக சுகாதார சபை இந்த நோயைத் தடுக்க எல்லா உறுப்பு நாடுகளும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. இந்தியாவும் உறுப்பு நாடுதான். உலகத்தில் 4 கோடிக்கும் மேற்பட்டோர் இந்த நோயோடு வாழ்கிறார்கள். பணக்கார நாடுகளில் பெரும்பாலும் இல்லாமல் போய்விட்ட இந்த நோய், எங்களைப் போன்ற வீடுகளில்தான் மிஞ்சியிருக்கிறது.

காலண்டரில் 21 நாளாக எண்ணிப் பார்த்ததில், பிளஸ் டூ பொதுத்தேர்வு நடக்கும் வாரத்தில் என் மகளுக்கு ஒரு ஊசி வருகிறது. தேர்வு நாளில் 46 கிலோமீட்டர் போய் வர முடியாது. தள்ளிப் போட்டால் 2020இல் நடந்தது மறுபடி நடக்குமோ என்று பயமாக இருக்கிறது. மாநிலம் முழுவதற்கும் ஆணை வரக் காலம் பிடிக்கும் என்பது எனக்குப் புரிகிறது. அதற்கு முன்பாக எங்கள் வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு என் மகளுக்கும் அந்த நான்காம் வகுப்புப் பையனுக்குமான குப்பிகளையாவது அனுப்பி, அங்கேயே போட உத்தரவிடுமாறு தங்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். எடுக்கும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்கவும் வேண்டுகிறேன்.

இணைப்பு:
எக்கோ அறிக்கை நகல்கள் - 2
ஊசி போட்ட தேதிகள் குறித்த நோட்டுப் புத்தகத்தின் நகல் - 6 பக்கம்
பெயர், முகவரித் தாள் - 1

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)