பீஷ்மர் கட்டியவர்களுக்கு இன்னொரு வேஷம்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கூத்து வாத்தியார்களுக்கு வணக்கம்.

பாரதம் நடக்கும் ஊரில் ஒரு ராத்திரிக்குப் புதுக்கதை கேட்டால் கையை விரிக்கிறோம். இந்தச் சித்திரைக்குக் குன்வர் சிங்கை எடுங்கள். பீகாரின் ஜகதீஷ்பூர் ஜமீன்தார். 1857 கிளர்ச்சியில் வெள்ளைக்காரக் கம்பெனியை எதிர்த்து வாளெடுத்தபோது எண்பதை நெருங்கியிருந்தார். அங்கே ஏப்ரல் 23 அவருக்கு வெற்றித் திருநாள்; நம் பக்கம் பெயர் சொன்னால் யாரென்று கேட்பார்கள்.

கூன் போட்டு, கம்பு கொடுத்து, இரும வைத்தால் சபை சிரித்துவிடும். அப்புறம் அழவைக்க முடியாது. படை நடத்தியவர், நிமிர்ந்தே நிற்கட்டும். கிரீடம், புஜக்கட்டை வேண்டாம்; தலைப்பாகை போதும். சுழன்றாடும் கிறிக்கி ஒன்றே ஒன்று. வெண்தாடியைப் பசையால் ஒட்டினால் நடுராத்திரி வியர்வையில் கழன்று தொங்கும். நூல் கோத்துக் காதுக்குப் பின்னால் கட்டி, முடிச்சைத் தலைப்பாகைக்குள் செருகுங்கள்.

ஜகதீஷ்பூருக்குப் பக்கத்து ஊரான ஆராவில் தொடங்கலாம். 1857 ஜூலை கடைசியில் கம்பெனியை எதிர்த்துக் கிளம்பிய தானாப்பூர்ச் சிப்பாய்கள் அவரோடு சேர்ந்தார்கள். ஒரு சின்ன வீட்டுக்குள் பதுங்கிய கம்பெனி ஆட்கள் எழுபது பேர்கூட இல்லை. எட்டு நாள் முற்றுகை போட்டும் அவர்களை வெளியே இழுக்க முடியவில்லை. இதை மறைக்காதீர்கள். தோல்விக்குப் பிறகும் ஒன்பது மாதம் போக்குக்காட்டியவர் என்பதில்தான் கூத்துக்குச் சரக்கு.

உயிர்நாடி, 1858 ஏப்ரலில் கங்கை கடக்கும் கட்டம். படகு இல்லை, பல்லியா பக்கம் யானைமேல் கடக்கப்போகிறார் என்று புரளி கிளப்பினார். துரத்திய படை அங்கே காத்துக்கிடக்க, இவர் சிவபூர்த் துறையில் படகேறினார். புரளியைக் கோமாளியான கட்டியங்காரன் வாயில் போடுங்கள். “யானையைப் பாத்தீங்களாய்யா?” என்று சபைக்குள்ளேயே கேட்டுத் திரியட்டும். ஆற்றுக்குத் திரைச்சீலை. முழங்காலுக்கு மேல் தூக்கக் கூடாது. தூக்கினால், தரையில் உட்கார்ந்திருக்கும் முன்வரிசைக்குக் கை மறைந்துபோகும். அந்தக் கைதான் காட்சியே.

நடு ஆற்றில் இடது மணிக்கட்டில் குண்டு. பட்டாசு வேண்டாம், உடுப்பில் பொறி விழும். மத்தளத்தில் ஒரே அடி. அந்த அடியிலேயே முகவீணை நிற்க வேண்டும். தன் கையைத் தானே வெட்டிக் கங்கைக்குக் கொடுத்தார் என்பது அங்கே வழங்கும் செய்தி. இதற்குத் திரை மறைவிலேயே இடக்கையை மடக்கி மார்போடு துணியால் கட்டிவிடுங்கள், விரல் மட்டும் அசையும்படி. மேலே தொளதொள சட்டை. கலியாண முருங்கையில் செதுக்கிய கையைச் சட்டைக்கையின் முனையில், இழுத்தால் அவிழும் முடிச்சாகக் கட்டி, நூலின் நுனியை உள்ளே விரலில் சுற்றுங்கள். வாள் இறங்கும்போது விரல் இழுக்க வேண்டும். கட்டைவாள் நூலை அறுக்கும் என்று நம்பினால் மானம் போகும். சிவப்புச் சாயமும் வேண்டாம், ஒரு முழம் சிவப்புத் துணி போதும்.

ஏப்ரல் 23 ஜகதீஷ்பூர் அருகே வென்றார், 26இல் கண்மூடினார். ஒப்பாரியை இழுக்காமல், தம்பி அமர் சிங் வாளெடுக்கும் விருத்தத்தோடு மங்களம் பாடிவிடுங்கள்.

கிரீடமும் புஜக்கட்டையும் சுமக்கும் கட்டை வேஷம் தாங்க மாட்டார் என்று அறுபது தாண்டிய ஆட்டக்காரரைத் திரைபிடிக்க மட்டும் கூப்பிடுகிறோமே, இந்த வேஷத்தை அவருக்குக் கொடுங்கள். இதில் தூக்கிச் சுமக்க எதுவும் இல்லை.

இப்படிக்கு,
ஒப்பனைக்காரர்களும் பின்பாட்டுக்காரர்களும்,
பாலக்கோடு