ஓடிடி பட்டியலில் வயதுக் குறியீடும் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் வார இணைப்பில் வரும் ஓடிடி வெளியீட்டுப் பட்டியலில் தொடரின் பெயர், தளம், மொழி, தேதி எல்லாம் இருக்கின்றன. வயதுக் குறியீடு மட்டும் இல்லை. மற்ற தொடர்களுக்கு இது சின்னக் குறை. சூப்பர் ஹீரோ தொடர்களுக்கு அப்படிச் சொல்லிவிட முடியாது. வேலூரின் மே மாத வெயிலில் பதினொரு மணிக்கு மேல் பிள்ளைகள் தெருவில் நிற்க முடியாது, டிவி முன்னால்தான் உட்கார வேண்டும். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் அப்பா அம்மா இருவருமே தோல், ஷூ கம்பெனி வேலைக்குப் போகும் வீடுகளில் ரிமோட் யார் கையில் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

முதுகில் துணி பறக்க, மார்பில் சின்னம் மின்ன ஒருவன் வந்தால் அது சின்னப் பிள்ளைகள் பார்ப்பது என்று நாம் பழகிவிட்டோம். 'தி பாய்ஸ்' தொடரின் ஹோம்லேண்டரைப் பாருங்கள். பறக்கிறான், கண்ணிலிருந்து கதிர் விடுகிறான், ஏழு வயதுப் பிள்ளைக்கு அவன் சூப்பர்மேன்தான். ஆனால் அவன் ஒரு கம்பெனி விளம்பரம் செய்து விற்கும் சரக்கு, கேமரா அணைந்ததும் கொலைகாரன். 2019இல் வந்த அந்தத் தொடர் குழந்தைகளுக்கு ஊசி மருந்து ஏற்றி நாயகர்களை உற்பத்தி செய்யும் நிறுவனத்தைப் பற்றியது. பெரியவர்களுக்கு அது கூர்மையான நையாண்டி. நையாண்டி பிடிபடாத வயதில் எஞ்சுவது உடல் சிதறும் காட்சிகள்தாம்.

இன்னும் ஏமாற்றக்கூடியது 2021இல் வந்த 'இன்வின்சிபிள்'. பார்வைக்குக் கார்ட்டூன். முதல் அத்தியாயத்தின் பெரும்பகுதி, பள்ளிக்கூடப் பையன் ஒருவனுக்கு அப்பாவைப் போலவே சக்தி வரும் கதை. கொஞ்ச நேரம் கூடவே உட்கார்ந்து பார்த்த அம்மா, நல்ல கதைதான் என்று அடுப்படிக்குப் போய்விடலாம். அதே அத்தியாயத்தின் கடைசி நிமிடங்களில் அந்த அப்பாவே தன் கூட்டாளிகளைக் கையால் அடித்தே கொல்கிறார், எதுவும் மறைக்கப்படுவதில்லை. அதனால் முதல் பத்து நிமிடம் பார்த்து முடிவெடுக்கும் வழக்கம் இங்கே உதவாது.

இத்தொடர்களைத் தடை செய்யச் சொல்லி எழுதவில்லை. 2015இல் வந்த 'டேர்டெவில்' முதல் பருவத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு நடைபாதைச் சண்டை உண்டு. கடத்தப்பட்ட சிறுவனை மீட்க வந்த பார்வையற்ற நாயகன், நாலு அடி கொடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்குவான், தடுமாறுவான், மறுபடி எழுவான். அடிக்கு வலி உண்டு என்று காட்டும் வன்முறை அது. பின்னால் வந்த பலவற்றில் இந்த அக்கறை இல்லை, ரத்தத்தைத்தான் கூட்டினார்கள். இருண்ட நாயகன் நமக்குப் புதியவனும் அல்லன். 1972இல் முத்து காமிக்ஸ் தமிழுக்குக் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவி, மூலக் கதையின் தொடக்கத்தில் கொள்ளைக்காரன்தான். மின்சாரம் பாய்ந்தால் கை மட்டும் தெரிய மறைந்துபோகும் அவனைப் படித்து வளர்ந்தவர்கள் குடியாத்தத்திலும் ஆற்காட்டிலும் இன்று தாத்தாக்கள். ஆனால் ஒரு வித்தியாசம், அச்சுப் புத்தகத்தைப் பையன் படிப்பது வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும். ஹெட்போன் மாட்டிய போன் அப்படி அல்ல.

சட்டத்தில் ஏற்பாடு இருக்கிறது. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஓடிடி தளங்கள் தங்கள் படைப்புகளை யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என்று ஐந்தாகப் பிரிக்க வேண்டும். 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டு வசதி தர வேண்டும். குறை இருந்தால் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதலாம், 15 நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். ஆனால் தளம் பூட்டைத் தரும், போடுவது நம் வேலை. இங்கே பலரும் சறுக்குகிறார்கள்.

நெட்ஃபிளிக்ஸில் பிள்ளையின் புரொஃபைலுக்கு வயது வரம்பு வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் அதிகம். பக்கத்திலேயே அப்பாவின் புரொஃபைல் திறந்து கிடக்கும். பையன் அதை அழுத்துவான், அவ்வளவுதான். முதலில் பூட்ட வேண்டியது பெரியவர்களின் புரொஃபைல்களை, ஒவ்வொன்றுக்கும் நான்கு இலக்க பின் நம்பர் போட்டு. புதிய புரொஃபைல் சேர்க்கவும் பின் நம்பர் கேட்கும்படி செய்யாவிட்டால், பையன் இன்னொன்றை உருவாக்கிக்கொள்வான். குறிப்பிட்ட தொடரைப் பெயர் சொல்லியே தடுக்கவும் வழி உண்டு. வண்டி நம்பரும் பிறந்த வருடமும் பின் ஆகாது, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த எண்கள் அவை.

அமேசான் பிரைமில் பின் நம்பர் ஐந்து இலக்கம். அங்கே கவனிக்க வேண்டியது, கட்டுப்பாடு எந்தெந்தக் கருவிக்கு என்று தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது. சில கருவிகளில் அந்தக் கருவியிலேயே தனியாகப் போட வேண்டும். போனில் போட்டதை நம்பி ஹாலில் இருக்கும் டிவியை மறந்துவிடுகிறோம். தீபாவளிக்குப் புது டிவி வாங்கினால் பழைய பூட்டு தானாக வந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. எல்லாம் முடித்தபின் பிள்ளையின் புரொஃபைலில் 'தி பாய்ஸ்' என்று தேடி, ஒவ்வொரு கருவியிலும் ஓடுகிறதா என்று பார்த்துவிடுவதே சரியான சோதனை. ஃபைபர் இணைப்போடு ஓடிடி பேக் போட்டுத் தரும் நம் ஊர் கேபிள்காரர்கள், இணைப்புக் கொடுக்கும் அன்றே இதையும் செய்து காட்டினால் பத்து நிமிடம்கூட ஆகாது.

இத்தனை செய்தும் ஒரு ஓட்டை மிஞ்சும். தொடரின் மிகக் கொடூரமான ஒரு நிமிடத்தை மட்டும் வெட்டி யூடியூப் ஷார்ட்ஸிலும் ரீல்ஸிலும் போடுகிறார்கள். அதில் வயதுக் குறியீடு இருக்காது, கதையும் இருக்காது. யூடியூபின் கட்டுப்பாட்டு முறையை ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு டிவியிலும் தனித்தனியாக இயக்க வேண்டும், அதுவும் எல்லாவற்றையும் வடிகட்டாது.

நிறுவனங்கள் மனம் வைத்தால் முடியும் என்பதற்கு உதாரணம் உண்டு. 2022இல் 'டேர்டெவில்' முதலிய தொடர்கள் டிஸ்னி தளத்துக்கு மாறியபோது, அமெரிக்கச் சந்தாதாரர்கள் அனைவரிடமும் வயதுக் கட்டுப்பாட்டை மறுபடி தேர்ந்தெடுக்கச் சொல்லிக் கேட்டார்கள். இங்கும் கேட்கலாமே.

அதுவரை தங்கள் நாளிதழ் செய்யக்கூடியது ஒன்று. பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் வயதுக் குறியீட்டையும், தளமே தரும் காரணத்தையும் சேர்த்து அச்சிடுங்கள். தளத்தின் பக்கத்திலேயே இரண்டும் இருக்கின்றன, ஒரு வரிக்கு மேல் இடம் பிடிக்காது. கார்ட்டூன் வடிவில் உள்ள பெரியவர்களுக்கான தொடர் என்றால், அதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
காமிக்ஸ் வாசகர்கள் சிலர்,
சத்துவாச்சாரி, வேலூர்.