கபடி மேட்டை (ஆடுகள விரிப்பை) விரித்துத் தரக் கோரி மூன்றாவது மனு

அனுப்புநர்: கபடிப் பயிற்சி பெறும் மாணவிகளின் பெற்றோர்
பெறுநர்: மாவட்ட விளையாட்டு அலுவலர் அவர்கள்

பொருள்: மாணவிகளுக்கு ஏற்படும் மூட்டுக் காயம் – மேட், பிசியோதெரபிஸ்ட் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஜனவரியிலும் ஏப்ரலிலும் கொடுத்த மனுக்களுக்கு ரசீதுதான் கையில் இருக்கிறது, பதில் இல்லை. இடம் தாங்கள் அறிந்ததே. விழாவுக்கு வந்தால் தங்கள் வண்டி நிற்கும் வேப்பமரத்துக்குப் பக்கத்தில்தான் பிள்ளைகளின் களம்.

1. மண் களம் என்று பெயர், இறுகிப்போன சரளை. அதில் வெறுங்காலோடு பயிற்சி. போட்டியோ மேட்டில், ஷூ போட்டு. மண்ணில் கால் கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும். மேட்டில் ஷூ அப்படியே பிடித்துக்கொள்ள, உடம்பு மட்டும் திரும்பும். போன ஆகஸ்டில் அப்படி ஒரு போட்டியில் என் மகள் எதிரணிப் பக்கம் ரெய்டு போய், அங்கிருந்த போனஸ் கோட்டைத் தாண்டித் திரும்பினாள். யாரும் அவளைத் தொடவில்லை. 'டப்' என்ற சத்தம் வெளியே நின்ற எனக்கே கேட்டது. சாயங்காலத்துக்குள் மூட்டு தேங்காய் அளவு வீங்கிவிட்டது. ஏ.சி.எல். என்கிற முழங்கால் மூட்டு ஜவ்வு கிழிந்திருந்தது. ஆபரேஷன் முடிந்தும் பல வாரம் மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்கினாள். எங்கள் அணியில் இவள் மூன்றாவது பிள்ளை, ஐயா.

2. மேட் இல்லாமலா இருக்கிறது? ஸ்டோர் ரூமில் துண்டு துண்டாக அடுக்கி, அதன்மேல் விழா நாற்காலிகளை ஏற்றி வைத்திருக்கிறார்கள். போன அக்டோபரில் சென்னை கண்ணகி நகர் கபடி வீராங்கனை கார்த்திகா, பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டிலிருந்து தங்கப் பதக்கத்தோடு வந்தபோது இங்கே கேக் வெட்டினார்களே, அதுவும் அந்த அறை வாசலில்தான்! வாரத்தில் சனிக்கிழமை மட்டுமாவது விரியுங்கள் என்று கேட்டோம். "மேட் கிழிஞ்சா யார் பொறுப்பு?" என்றார்கள். சரி, பிள்ளையின் மூட்டு கிழிந்ததற்கு யார் பொறுப்பு?

3. இந்த ஜவ்வு கிழியும் ஆபத்து ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளுக்கு அதிகம். குதித்து இறங்கும்போது மூட்டு உள்பக்கம் மடங்காமல் இறங்கவும், தொடைத்தசையைப் பலப்படுத்தவும் வாரம் இரண்டு மூன்று நாள், 20 நிமிடம் பழக்கினாலே இந்தக் காயம் ஏறக்குறையப் பாதி குறையும் என்கிறார்கள் டாக்டர்கள். அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு பிசியோதெரபிஸ்ட் இல்லை. ஐஸ் கட்டியும் ஸ்பிரேயும்தான் வைத்தியம்.

4. கழிவறைப் பூட்டு. சாவி யாரிடம் என்றே தெரியாது. பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமல் ஆடுகிறார்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு ஆட்டத்துக்குத் திரும்பக் குறைந்தது ஒன்பது மாதம் ஆகும் என்றார் டாக்டர். எட்டு முடிந்துவிட்டது. அடுத்த மாதம் என் மகள் இதே களத்துக்குத்தான் வரப்போகிறாள், வேண்டாம் என்றால் கேட்கமாட்டேன் என்கிறாள். அதற்குள் அந்த மேட்டை எடுத்து விரித்துத் தாருங்கள், ஐயா. புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். நாற்காலிகளை நாங்களே வந்து இறக்கி வைக்கிறோம்.

இப்படிக்கு,
பெற்றோர் சார்பில், ஒரு மாணவியின் தாய்

இணைப்பு: முந்தைய மனு ரசீதுகளின் நகல் 2, எம்.ஆர்.ஐ. அறிக்கை நகல் 3