கண்ணுவுக்கு, வளையல் அளவு விஷயமாக

அன்புள்ள கண்ணுவுக்கு,

அம்மா எழுதுவது. எது கேட்டாலும் 'சரிம்மா' என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிடுகிறாய். அதனால் கடிதமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

முதலில் சூடா, உன் சீக்கிய முறைக் கல்யாணத்துக்குக் கை நிறையப் போடுகிற வளையல். அளவைக் கண்பார்வைக்குச் சொல்லாதே. விரல் ஐந்தையும் குவித்து, முட்டி அகலமாக இருக்கிற இடத்தில் நூல் சுற்றி அளந்து அனுப்பு. அந்தக் காலத்தில் தந்தத்தில் செய்தார்கள், இப்போது பிளாஸ்டிக்தான். ஆனாலும் வளைந்து கொடுக்காது, கைத்தோல்தான் உரியும். மருதாணிக் கையில் சோப்புப் போடாமல் மெல்லிய பாலிதீன் உறையை மாட்டிக்கொள். அதன்மேல் வளையல் வழுக்கிக்கொண்டு ஏறும், பிறகு உறையை உருவிவிடலாம். 21 வளையல் என்பது பழைய கணக்கு. வேலைக்குப் போகிற பெண்கள் குறைத்துத்தான் போடுகிறார்கள்.

பாலும் தண்ணீரும் கலந்து ரோஜா இதழ் போட்டு அதில் நனைத்து வைத்திருப்பார்கள். போடுவது உன் மாமாவும் அத்தையும். போட்டதும் துணியால் மூடிவிடுவார்கள், நீ எட்டிப் பார்க்கக் கூடாது. பஞ்சாபிலும் தாய்மாமனுக்குத்தான் இந்த மரியாதை என்று உன் மாமா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். 40 நாளாவது கழற்றக் கூடாது என்பார்கள். குளித்ததும் இடுக்கில் ஈரம் போகத் துடை, இல்லாவிட்டால் அரிக்கும்.

லெஹங்கா வேண்டாம் என்று மறுபடியும் சொல்கிறேன். ஆனந்த் காரஜில், அதாவது அவர்கள் திருமணச் சடங்கில், தரையில் சம்மணமிட்டு உட்கார வேண்டும். நாலு லாவான் பாட்டுக்கும் எழுந்து, புனித நூலான குரு கிரந்த் சாஹிப்பைச் சுற்றி வந்து, நெற்றி தரையில் பட வணங்க வேண்டும். அவ்வளவு கனத்தோடு மூன்றாவது சுற்றில் எழுந்திருக்கவே முடியாது. சல்வார் கமீஸ் தைத்துக்கொள். துப்பட்டாவுக்கு ஊசி நிறையக் குத்து, தலையிலிருந்து நழுவக் கூடாது.

பல்லா என்கிற நீளத் துணியை அப்பாதான் உன் கையில் கொடுப்பார். ஒரு முனை மாப்பிள்ளை தோளில், மறுமுனை உன்னிடம். இரண்டரை மீட்டராவது இருக்கட்டும். குட்டையாக இருந்தால் அவர் முன்னால் நடக்க நடக்கத் தோளிலிருந்து உருவிக்கொண்டு வரும். புனித நூலை வாசிக்கிற கிரந்தி முதலில் லாவானை வாசிப்பார், அப்போது உட்கார்ந்து கேள். ராகிகள் அதையே பாடத் தொடங்கியதும் எழுந்து, குரு கிரந்த் சாஹிப் உன் வலப்பக்கம் இருக்கும்படி நட. அவசரப்பட்டால் பாட்டு முடியுமுன் வந்து நின்று விழிக்க வேண்டும். கடா பிரசாதத்தை இரு கையையும் குவித்து வாங்கு. மாவும் நெய்யும் சர்க்கரையும் சம எடை, திகட்டும், ஆனாலும் வேண்டாம் என்று சொல்லிவிடாதே.

இன்னொன்று. இருவரும் சீக்கியராக இருந்தால்தான் ஆனந்த் காரஜ் என்று ரஹித் மரியாதா என்கிற சீக்கிய நெறிமுறையில் இருக்கிறது. சில குருத்வாராக்கள் கண்டிப்பாகப் பார்க்கும், சில பார்க்காது. மாப்பிள்ளை வீட்டார் கிரந்தியிடம் முன்கூட்டியே பேசிவிட்டார்களா என்று கேள். அன்றைக்குக் காலையில் இந்தப் பேச்சு வரக் கூடாது.

சட்டத்தைப் பற்றி அப்பாவிடம் கேட்டேன். 1955 இந்து திருமணச் சட்டத்துக்குள் சீக்கியரும் வருகிறார்களாம், இரண்டு பேரில் ஒருவர் வழக்கப்படி நடந்தாலே செல்லுமாம். செல்லட்டும். செல்லுமா செல்லாதா என்று நான் கேட்கவில்லை.

பஞ்சாபில் கபூர்தலா குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள், உனக்கு இதெல்லாம் தெரியும்தான். பஞ்சாபி பேசி அவர்கள் வீட்டுப் பாட்டியையே மயக்கிவிட்டாய் என்று சம்பந்தியம்மா சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்களிடம் தமிழில் நாலு வார்த்தை பேசத்தான் உனக்கு நேரமில்லை.

மில்னிக்கு, அதாவது இரு வீட்டாரும் வாசலில் சந்திக்கிற சடங்குக்கு, எத்தனை ஜோடி என்று இப்போதே கேட்டுச் சொல். தாத்தாவுக்குத் தாத்தா, மாமாவுக்கு மாமா என்று மாலை மாற்றித் தழுவுவார்கள். அவர்கள் பக்கம் பத்துப் பேர், நம் பக்கம் நாலு பேர் என்றால் வாசலில் வைத்து ஆள் தேட முடியாது. அவர்களுக்குக் கொடுக்கிற கம்பளியும் அந்தக் கணக்குக்குத்தான் வாங்க வேண்டும்.

லெஹங்காவுக்கு முன்பணம் கொடுத்திருந்தால் போகட்டும், ரிசப்ஷனுக்கு வைத்துக்கொள்.

தாலிக்கொடி லாக்கரில்தான் இருக்கிறது, நான் எடுக்கவில்லை. மாமா டிக்கெட் போட நிற்கிறான். குருத்வாராவில் பன்னிரண்டு மணிக்குள் முடிந்துவிடும், அன்று இரவே ரயில் ஏறலாமா, மறுநாளும் இருக்க வேண்டுமா என்று கேட்கிறான். ஐயரும் அதையேதான் கேட்கிறார். வளையல் அளவு அனுப்பும்போது அதையும் எழுது.

அம்மா