கோர்ட்டைக் காயவைத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

2024–25 கல்வியாண்டின் கூடைப்பந்து ஆட்டங்கள் எங்களுக்கு முடிந்துவிட்டன. மண்டலப் போட்டியில் ஜெயித்து, பல்கலைக்கழக அளவில் அரையிறுதி வரை போய், அங்கே இரண்டே புள்ளியில் தோற்றோம். நான் இந்தக் கல்லூரியில் சேர்ந்த மூன்று வருடத்தில் எங்கள் ஆடவர் அணி அரையிறுதிக்குப் போனது இதுதான் முதல் தடவை. ஸ்கோர் ஷீட்டில் பன்னிரண்டு பேர் பெயர்தான் இருக்கிறது. அதில் பெயர் இல்லாதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், கோர்ட்டைப் பராமரிக்கும் எங்கள் மார்க்கர் அண்ணனுக்கு. எங்களுடையது திறந்தவெளி சிமெண்ட் கோர்ட். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கிழக்குப் பக்க ரிங்குக்கு அடியில் தண்ணீர் குளம் கட்டி நிற்கும். நாங்கள் ஐந்தரைக்கு வருவோம். அண்ணன் அதற்கு வெகு முன்பே வந்து, தென்னை விளக்குமாற்றால் தண்ணீரைத் தள்ளி, சாக்கை விரித்து ஒற்றி, பிழிந்து, திரும்பவும் விரித்துக்கொண்டிருப்பார். 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம் உள்ள இடத்தைச் சாக்கால் துடைப்பது என்ன வேலை என்பது, அவர் ஊருக்குப் போயிருந்த ஒரு நாளில் நாங்களே செய்தபோதுதான் புரிந்தது. துடைத்து முடித்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஒவ்வொரு கோட்டின் மேலும் நடந்து பார்ப்பார். கண்ணுக்குத் தெரியாத ஈரம்கூடக் காலுக்குத் தெரியுமாம். அதற்கப்புறம்தான் "ஆடுங்க தம்பி" என்பார். இந்த சீசன் முழுக்க எங்களில் ஒருவர்கூட நம் கோர்ட்டில் வழுக்கி விழவில்லை. அது உங்களால்தான் அண்ணே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெளியூர் ஆட்டங்களில் நாங்கள் தூரத்திலிருந்து போடும் பந்துகள் ரிங்கின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பிவிடும். போன வருடம் முழுக்க இதே கதை. கையில்தான் குறை என்று நினைத்தோம். ஜூலையில் எங்கள் பி.டி. சார் டேப்பை எடுத்து அளந்து பார்த்தார். த்ரீ பாயிண்ட் லைன், அதாவது அதற்கு வெளியிலிருந்து போட்டால் மூன்று புள்ளி கிடைக்கும் கோடு, ரிங்கிலிருந்து 6.25 மீட்டரில் இருந்தது. சர்வதேச விதியில் அது 6.75 ஆக மாறியது 2010இல். பழைய கோட்டின் மேலேயே வருடாவருடம் பெயிண்ட் அடித்துவந்திருக்கிறார்கள், நாங்களும் அரை மீட்டர் முன்னால் நின்றே பழகியிருக்கிறோம். அன்று சாயங்காலமே சாரும் அண்ணனும் ரிங்கின் நடுவிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது தரையைத் தொட்ட இடத்தில் ஒரு பையனை உட்காரவைத்து, அவன் கையில் சணல் கயிற்றின் ஒரு முனையைக் கொடுத்து, மறுமுனையில் சாக்பீஸ் கட்டிப் புதுக் கோட்டை வளைத்தார்கள். நாங்கள் எல்லாரும் சுற்றி நின்று பார்த்தோம். முதல் வாரம் ஒரு பந்தும் ரிங்கை எட்டவில்லை. மண்டலப் போட்டிக்குள் கை பழகிவிட்டது. அரையிறுதி வரை நாங்கள் போனதற்கு அந்தச் சணல் கயிற்றைத்தான் நான் முதல் காரணமாகச் சொல்வேன்.

சார், உங்களுக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை போதாது. 1920இல் ஹாரி குரோ பக் தொடங்கிய, இப்போது நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்ததை நீங்கள் பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் கேட்டிருக்கிறோம். அந்தப் பெருமையில் ஒரு துளியாவது நாங்கள் சேர்த்திருந்தால் சந்தோஷம்.

நம் மகளிர் அணிக்கு: மண்டலப் போட்டிக்கு முந்தைய பத்து நாளும் உங்கள் சாயங்கால நேரத்தை எங்களுக்கு விட்டுக்கொடுத்து, நீங்கள் விடியற்காலைக்கு மாறிக்கொண்டீர்கள். உங்களில் பாதிப்பேர் பஸ்ஸில் வருகிறவர்கள். அது எவ்வளவு சிரமம் என்று எங்களுக்குத் தெரியும். உங்கள் போட்டி வரும்போது கோர்ட் உங்களுடையது, கேட்கவே வேண்டாம்.

ஆட்டத்துக்குப் போன நாட்களுக்கு வருகைப்பதிவாக ஓ.டி. (ஆன் டியூட்டி) கொடுத்து, விட்டுப்போன இன்டர்னல் தேர்வுகளைத் திரும்ப எழுதவிட்ட துறை ஆசிரியர்களுக்கும், ராத்திரி ஒன்பதரைக்கு வந்தாலும் சோறு எடுத்துவைத்திருந்த மெஸ் அண்ணன்களுக்கும், தினமும் கொண்டைக்கடலை ஊறவைத்துக் கொடுத்த கேன்டீன் அக்காவுக்கும், பணம் திரட்டி ஜெர்சி எடுத்துக்கொடுத்த முன்னாள் மாணவர்களுக்கும் எங்கள் நன்றி. சென்டர் இடத்தில் ஆடும் எங்கள் பையனுக்குக் கணுக்கால் பிசகியபோது, "மூணு வாரம் கோர்ட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லி, நான்காவது வாரம் அவனை ஓடவைத்துக் காட்டிய பிசியோதெரபிஸ்ட் அக்காவை அவன் அம்மா தினமும் வாழ்த்திக்கொண்டிருக்கிறார்.

பெரியகுளத்துக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. எங்களில் நான்கு பேர் அந்தப் பக்கத்துப் பையன்கள். மே மாதம் சில்வர் ஜூப்ளி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அகில இந்தியப் போட்டியில், இந்தியன் வங்கியும் ஐ.ஓ.பி.யும் கடற்படையும் ராத்திரி வெளிச்சத்தில் மோதுவதை அப்பா மடியில் உட்கார்ந்து பார்த்தவர்கள். பந்தைக் கையில் எடுக்கும் ஆசை எங்களுக்கு அங்கேதான் வந்தது.

முதலாமாண்டுத் தம்பிக்கும் இதைச் சொல்ல வேண்டும். அரையிறுதியில் நான்கு நொடி மிச்சம், இரண்டு புள்ளி பின்னால், உனக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. இரண்டும் போகவில்லை. அதற்காக நீ இன்னும் யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை. ஆனால் அந்தக் கடைசி வாய்ப்பில் பந்தைக் கேட்டு வாங்கியது நீ ஒருவன்தான். கேப்டனான நான்கூடக் கேட்கவில்லை. இரண்டு பேருக்கு நடுவில் புகுந்து அந்த ஃபவுலை வாங்கியதும் நீதான். நீ இல்லையென்றால் அந்த இரண்டு வீச்சே நமக்குக் கிடைத்திருக்காது. நன்றிடா தம்பி.

கடைசியாக, போட்டியை நடத்திய கல்லூரியின் அணியினருக்கு. காலிறுதிப் பட்டியலில் முதலில் எங்கள் பெயர். முதலில் பெயர் உள்ள அணி வெளிர் நிறம் போட வேண்டும் என்பது விதி. எங்களிடம் இருந்ததோ ஒரே செட் கருநீல ஜெர்சி. ஆட்டம் தொடங்க இருபது நிமிடம் இருக்கும்போது, முந்தின நாள்தான் எங்களிடம் தோற்றுப்போன நீங்கள், உங்கள் வெள்ளை ஜெர்சிகளை ஹாஸ்டலிலிருந்து அள்ளிக்கொண்டு ஓடிவந்தீர்கள். எண் அழிந்துபோயிருந்த இரண்டுக்குக் கறுப்பு டேப் ஒட்டிக் கொடுத்ததும் உங்கள் கேப்டன்தான். அதைப் போட்டுக்கொண்டுதான் அந்த ஆட்டத்தை ஜெயித்தோம். அரையிறுதியில் தோற்ற அவசரத்தில் பஸ்ஸைப் பிடித்ததால் திருப்பித் தராமலே வந்துவிட்டோம், மன்னியுங்கள். பன்னிரண்டையும் துவைத்து, இஸ்திரி போட்டு, எண் வரிசையில் அடுக்கி வைத்திருக்கிறோம். வருகிற சனிக்கிழமை நாங்களே நேரில் கொண்டுவருகிறோம். பந்தும் எடுத்து வருகிறோம்.

அன்புடன்,
கேப்டன்,
ஆடவர் கூடைப்பந்து அணி